கத்தியை எந்த வயதில் கொடுக்கலாம்?

குழந்தைகளைச் சமையல் வேலைக்குப் பழக்குவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. நான் சமைக்க நின்றாலே காலைக் கட்டிக்கொண்டு ‘நானும், நானும்’ என்கிறாள். பொம்மைச் சட்டி பானை வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் மூலையில் போட்டுவிட்டாள். இந்த வயதுக்கு என்ன வேலைதான் கொடுப்பது?

பதில்: அவள் கேட்பது நீங்கள் செய்யும் வேலையை. அதிலிருந்தே ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுங்கள். மூன்று வயதில் உள்ளங்கை நன்றாகப் பிடிக்கும், அமுக்கும், கிழிக்கும். விரல் நுனியால் செய்யும் நுணுக்கமான வேலைக்கு இன்னும் வலு வந்திருக்காது. ஆகவே கீரை இலைகளைக் கிழிப்பது, உருளைக்கிழங்கைத் தேய்த்துக் கழுவுவது, பழுத்த வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசிப்பது, பட்டாணி உரிப்பது எல்லாம் அவளுக்கு ஏற்றவை. பட்டாணிக்காயின் முனையைக் கிள்ளிக் கொஞ்சம் பிளந்து கொடுத்தால் மீதியை அவளே விரித்து உதிர்த்துவிடுவாள். வாழைப்பழத்துக்கும் அப்படித்தான், காம்பை மட்டும் நீங்கள் ஒடித்துவிடுங்கள்.

அளவைச் சுருக்குங்கள். மூன்று உருளைக்கிழங்கு, ஐந்தாறு இலை போதும். பத்து நிமிடத்துக்கு மேல் இந்த வயதில் கவனம் நிற்பது அரிது. அவள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால் அன்றைய வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கழுவிய கிழங்கு அன்றைய சாப்பாட்டில் கட்டாயம் வர வேண்டும். அதை அவள் கண்ணெதிரே நீங்கள் மறுபடி கழுவாதீர்கள். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் அவள் நகர்ந்த பிறகு செய்யுங்கள். குழந்தைகள் இதைச் சரியாகக் கவனித்துவிடுவார்கள். தன் வேலை கணக்கில் இல்லை என்று தெரிந்தால் பொம்மைச் சட்டியின் கதிதான் இதற்கும்.

ஊற்றப் பழக்குவதை அரிசியில் தொடங்குங்கள். ஒரு தட்டத்தில் இரண்டு கப் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொட்டட்டும். சிந்தியது தட்டத்திலேயே கிடக்கும். கை நின்ற பிறகு தண்ணீர். மூக்கு வைத்த சின்னக் குவளை, 250 மில்லி பிடிப்பதில் பாதிதான் நிரப்ப வேண்டும். நிறைய நிரப்பினால் கனம் மணிக்கட்டைச் சாய்த்துவிடும். கவனக்குறைவு என்று நாம் திட்டுவதில் பாதி இந்தக் கனம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து வயது வரை முழு நிலக்கடலை, பாதாம் போன்ற கொட்டைகள், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு ஆகியவற்றை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பேசிச் சிரித்துக்கொண்டே வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக அரிந்து கொடுங்கள். குறுக்கே அரிந்த வட்டத் துண்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: மகன் ஐந்து வயதை முடிக்கப் போகிறான். கத்தி வேண்டும் என்கிறான். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறோம். எந்த வயதில் கொடுக்கலாம்? எப்படி ஆரம்பிப்பது?

பதில்: வயதைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். ‘நிறுத்து’ என்றால் கை உடனே நிற்கிறதா? ஐந்து நிமிடம் கையைப் பார்த்தபடியே வேலை செய்கிறானா? ஒரு கை பிடித்திருக்கும்போது மறு கை வேறு வேலை செய்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஆரம்பிக்கலாம். சில குழந்தைகளுக்கு இது நான்கில் வரும், சிலருக்கு ஆறில்.

முதலில் நிற்கும் இடம். முழங்கையை மடக்கி நின்றால், பலகை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேடை உயரமாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு வெட்டுவான், கத்தி சரியும். கால் அகன்ற, ஆடாத ஸ்டூல் போடுங்கள், அல்லது தாழ்வான மேசைக்கு மாறுங்கள். பலகைக்கு அடியில் ஈரத் துணியைப் பிழிந்து விரித்தால் அது நகராது. நகரும் பலகையில் பெரியவர்களே கையை வெட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து, எதை வெட்டுவது. உருண்டையான எதையும் முழுதாகக் கொடுக்காதீர்கள். வெள்ளரிக்காயை நீங்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். முதல் பாடம் வாழைப்பழம், வெண்ணெய் தடவும் கத்தியால். பிறகு வெந்து ஆறிய உருளைக்கிழங்கு, அதன் பிறகு வெள்ளரி. வெள்ளரித் தோலில் வெண்ணெய்க் கத்தி வழுக்கும், அங்கேதான் நிஜக் கத்தி தேவைப்படுகிறது. சுமார் பத்து சென்டிமீட்டர் அலகு, முனை மழுங்கியது, ஓரத்தில் நுண்பல் உள்ளது நல்லது. பாதுகாப்பு என்று நினைத்து மொட்டைக் கத்தியைக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மொட்டைக் கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அழுத்தும் கத்தி வழுக்கினால் அந்த வேகம் முழுவதும் விரலில் இறங்கும். பச்சைக் கேரட், பரங்கிக்காய் போன்ற கடினமானவை எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகு.

பிடி இரண்டு வகை. முதலில் பாலப் பிடி. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறு பக்கம், நடுவில் பாலம் மாதிரி இடைவெளி. கத்தி அந்தப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெட்டும். இது பெரிய துண்டைப் பாதியாக்க. இரண்டாவது பூனைப் பிடி. விரல் நுனிகளை உள்ளே மடக்கி, நடு மூட்டு முன்னால் நிற்க, கத்தியின் பக்கவாட்டு அந்த மூட்டைத் தொட்டுக்கொண்டே இறங்கும். இது வில்லை போட. முதல் பிடி தானாக வரும் வரை இரண்டாவதுக்குப் போகாதீர்கள்.

பூனைப் பிடியில் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வில்லை வரை ஒழுங்காக மடங்கியிருக்கும். நான்காவதில் மெல்ல வெளியே எட்டிப் பார்க்கும். காய் குட்டையாக ஆக ஆக, பிடிக்க இடமில்லாமல் விரல்கள் நிமிரும். அதனால் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருக்கும்போதே ‘போதும்’ என்று சொல்லி அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். கடைசித் துண்டை வெட்டியே தீர வேண்டும் என்ற ஆசையில்தான் பெரும்பாலும் காயம் படுகிறது.

நீங்கள் நிற்க வேண்டியது கத்தி பிடிக்காத கையின் பக்கம், கண் அந்தக் கையின் மேல். அவன் கைமேல் உங்கள் கையை வைத்து வெட்டிக் காட்ட வேண்டாம். உங்கள் பலத்தில் கத்தி இறங்கும்போது காய் எவ்வளவு எதிர்க்கிறது என்பது அவன் கைக்குத் தெரியாமல் போகும். கத்தியை நேரே கீழே குத்தாமல், முன்னால் தள்ளிக்கொண்டே இறக்குவதை நீங்கள் மெதுவாகச் செய்து காட்டி, கத்தியை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

சட்டம் மூன்று போதும். பேச வேண்டுமென்றால் கத்தியைக் கீழே வை. கீழே விழும் கத்தியைப் பிடிக்காதே, பின்னால் நகர். சோப்புத் தண்ணீருக்குள் கத்தியைப் போடாதே. மூன்றாவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: மகள் இடதுகைப் பழக்கம் உள்ளவள், ஏழு வயது. கத்தியால் நேராக வெட்ட வரவில்லை. தோல் சீவியும் கையில் நிற்கவில்லை. கை மாற்றிப் பழக்கட்டுமா?

பதில்: வேண்டாம், கருவியை மாற்றுங்கள். நுண்பல் கத்திகளில் பலவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடித்திருக்கும், அதுவும் வலதுகைக்கு ஏற்ப. இடதுகையில் பிடித்தால் வில்லை ஒருபுறம் தடித்து, மறுபுறம் மெலிந்து வரும். இருபுறமும் சாணை பிடித்த சின்னக் கத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். தோல் சீவியில், அலகு குறுக்கே இருக்கும் கவட்டை வடிவச் சீவி இரு கைக்கும் பொருந்தும். சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் நிற்காமல் எதிரே நில்லுங்கள். நீங்கள் வலதுகைக்காரர் என்றால் கண்ணாடியில் பார்ப்பது போல அவளுக்கு உங்கள் கை சரியான பக்கத்தில் தெரியும்.

தோல் சீவும்போது காயை அந்தரத்தில் பிடிக்காமல் ஒரு முனையைப் பலகையில் ஊன்றி, நடுவிலிருந்து கீழ்நோக்கிச் சீவட்டும். பாதி முடிந்ததும் காயைத் தலைகீழாகத் திருப்பி மறுபாதி. அலகு எப்போதும் பிடித்த கையை விட்டு விலகியே போகும்.

கேள்வி: முட்டை உடைக்க ஆறு வயது மகனுக்கு ஆசை. ஒவ்வொரு முறையும் ஓடு உள்ளே விழுகிறது.

பதில்: கிண்ணத்தின் விளிம்பில் தட்டுகிறானா? விளிம்பு ஓட்டை உள்நோக்கிக் குத்துகிறது, துணுக்குகள் உள்ளே போகின்றன. தட்டையான மேடையில் முட்டையின் வயிற்றுப் பாகம் படும்படி ஒரே தட்டு. சத்தத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ‘டக்’ என்றால் இன்னும் உடையவில்லை, ‘சரக்’ என்றால் போதும். பிறகு பள்ளம் மேலே இருக்கும்படி திருப்பி, இரண்டு கட்டைவிரல் நுனியையும் அதில் வைத்து, கிண்ணத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்க் கதவைத் திறப்பது போல விரிக்க வேண்டும். பயத்தில் மெதுவாக நாலைந்து முறை தட்டினால் ஓடு பொடிந்து போகும். ஒரு முறை தைரியமாகத் தட்டப் பழக்குங்கள்.

எப்போதும் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்த பிறகே மொத்தத்தில் சேர்க்க வேண்டும். ஓட்டுத் துணுக்கு விழுந்தால் கரண்டியால் துரத்தினால் வழுக்கி ஓடும். உடைந்த பாதி ஓட்டையே கரண்டி மாதிரி பிடித்து அள்ளினால், அதன் கூர்மை வெள்ளைக்கருவை அறுத்துக்கொண்டு துணுக்கை எடுத்துவிடும். குழந்தைகளுக்கு இது பெரிய மாயம், பல நாள் பேசுவார்கள்.

உடைத்து முடித்ததும் சோப்பால் இருபது நொடி கை கழுவ வேண்டும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கேக் மாவுக் கிண்ணத்தை நக்குவதையும் விடச் சொல்லுங்கள். முட்டை சேராத பச்சை மாவுக்கும் இது பொருந்தும். மாவு அரைத்து வருவதோடு சரி, கிருமி சாகும் அளவுக்கு அது சூடாவதில்லை.

முட்டை உடைக்கும் வயது வராத தங்கை தம்பி இருந்தால் வேகவைத்த முட்டையை உரிக்கக் கொடுங்கள். வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முழுக ஆறவிட்டு, பலகையில் உருட்டி ஓடு முழுவதும் கீறல் விட்ட பிறகு, அகன்ற முனையிலிருந்து உரிக்க வேண்டும். அங்கே ஒரு காற்றுப்பை இருப்பதால் விரல் எளிதாக நுழையும். புத்தம் புது முட்டை உரிக்க வராது, வெள்ளை பிய்ந்துகொண்டு வரும். ஒரு வாரம் ஆனது நல்லது.

கேள்வி: எட்டு வயது மகள் ஒரே அளவுக் குறிப்பை வைத்துத்தான் கேக் செய்கிறாள். ஒரு நாள் பஞ்சு, மறுநாள் செங்கல். ஏன்?

பதில்: பெரும்பாலும் மாவை அளக்கும் விதம். கப்பை டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால் மாவு இறுகிக்கொள்ளும். கரண்டியால் மாவைத் தளர்த்தி, கப்பில் மெல்லத் தூவி நிரப்பி, கத்தி முதுகால் தலையை வழித்தால் 240 மில்லி கப்பில் சுமார் 120 கிராம் இருக்கும். அமுக்கி அள்ளினால் அதே கப்பில் 150 கிராமுக்கு மேலும் போகும். செங்கல் வந்த நாளில் எப்படி அள்ளினாள் என்று கேட்டுப் பாருங்கள்.

சமையல் தராசு ஒன்று இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. கிண்ணத்தை வைத்துப் பூஜ்யப் பொத்தானை அழுத்தி, எண் 120 வரும் வரை தூவட்டும். நெருங்க நெருங்கச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுவதில் கை அடங்கும். திரவத்தை அளக்கும்போது குவளையைக் கையில் தூக்கிப் பார்க்கக் கூடாது, சாய்ந்துவிடும். மேடையில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இதை மனப்பாடம் செய்ய வைக்காமல் தண்ணீரை ஊற்றி அவளே மூன்று என்று எண்ணட்டும்.

கேள்வி: அடுப்புப் பக்கம் எப்போது விடலாம்?

பதில்: ஸ்டூல் இல்லாமல் நின்று சட்டிக்குள் மேலிருந்து பார்க்க முடிய வேண்டும். ஸ்டூலில் ஏறி அடுப்பின் மேல் சாய்வது எந்த வயதிலும் கூடாது. பெரும்பாலும் எட்டு முதல் பத்து வயதுக்குள் இந்த உயரம் வரும். அதுவரை அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் எல்லை. தரையில் நாடா ஒட்டிக் காட்டினால் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

முதல் பாடம் அணைந்த அடுப்பில், காலிச் சட்டியில். கைப்பிடியை உள்பக்கம் திருப்புவது, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து மறு கையால் கிளறுவது, மூடியைத் தன்னை விட்டு அப்பால் சாய்த்துத் திறப்பது. மூடி முகத்துக்கு எதிரே திறந்தால் ஆவி முழுவதும் முகத்தில் அடிக்கும். தொளதொளத்த கை, தொங்கும் துப்பட்டா வேண்டாம், தலைமுடியைக் கட்டிவிடுங்கள். நிஜச் சமையல் என்றால் குறைந்த தீயில் கிளறிய முட்டை. இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும், தண்ணீரும் கொதி எண்ணெயும் இல்லை. கொதிக்கும் தண்ணீரை வடிப்பதைப் பன்னிரண்டு வயது வரை நீங்களே செய்யுங்கள். அங்கே கனமும் ஆவியும் வழுக்கலும் ஒன்றாகச் சேர்கின்றன. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர்கூடக் குழந்தையின் மெல்லிய தோலைச் சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். எண்ணெயில் பொரிப்பது இன்னும் தள்ளிப் போகட்டும்.

கேள்வி: சூடு பட்டால் பற்பசை தடவலாமா? மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துவிட்டால்?

பதில்: பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை உடனே கழற்றிவிட்டு, குழாயில் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். குழந்தை இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று சொல்லும். மடியில் வைத்துக்கொண்டு தொடருங்கள், மற்ற உடம்பு குளிராமல் போர்த்திவிடுங்கள். கொப்புளம் வந்தாலோ, குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

மிளகாய்க் காரம் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் போகாது. கையில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் மட்டும் பல நிமிடம் அலசுங்கள். பச்சை மிளகாயைப் பத்து வயது வரை நீங்களே அரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: தானே நறுக்கினால் காய் சாப்பிடுவான் என்றார்கள். மகன் ஆசையாக நறுக்குகிறான், வாயில் வைப்பதில்லை.

பதில்: தொட்டான், மோந்தான், பிய்த்தான் அல்லவா, அது நடந்துகொண்டிருக்கிறது. புதிய காய் ஒன்றைப் பல முறை பார்த்துப் பழகிய பிறகே சில குழந்தைகள் கடித்துப் பார்க்கும், பத்துக்கு மேலும் ஆகலாம். ‘நீதானே நறுக்கினாய், சாப்பிடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை கத்தியையும் தொட மாட்டான்.

கேள்வி: ஒன்பது வயதும் நான்கு வயதும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் சண்டை, சிந்தல், கடைசியில் என் கோபம்.

பதில்: ஒரே பாத்திரத்தை இருவருக்கும் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு கிண்ணம். பெரியவனைச் சின்னவளுக்குக் காவல் வைக்க வேண்டாம், அவன் கண் அவன் கத்தியில் இருக்க வேண்டும். பெரியவன் அடுப்பில் நிற்கும் நேரத்தில் சின்னவளுக்கு மேசையில்தான் வேலை: இலை கிழிப்பது, தட்டு எண்ணி எடுத்து வைப்பது. நீங்கள் இருவருக்கும் நடுவில், முகம் அடுப்பைப் பார்த்து.

சிந்தலுக்கு, ஆரம்பிக்கும் முன்பே ஈரத் துணி ஒன்றை மடித்து ஒவ்வொருவர் பக்கத்திலும் வைத்துவிடுங்கள். சிந்தியதும் துணியைத் தேடி ஓடும் அந்த அரை நிமிடத்தில்தான் கோபம் ஏறுகிறது. துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான்கு வயதுக் குழந்தையே துடைத்துவிடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வழிக்கக் காட்டுங்கள், நடுவிலிருந்து துடைத்தால் எல்லாம் தரைக்குப் போகும். நேரம் நெருக்கும் நாட்களில், பள்ளிக்குக் கிளம்பும் காலையில், இவர்களை உள்ளே விடவே வேண்டாம். விடுமுறை நாளின் நடுப்பகலுக்கு முன்பு அரை மணி நேரம், வாரத்தில் ஒரு முறை என்றாலும் போதும்.